முதல் படத்தைக் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள்

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சினிமாவில் யாரையும் தெரியாது. 112 பக்கத்தில் ஒரு திரைக்கதை எழுதி வைத்திருக்கிறார். நண்பரிடம் நல்ல கேமரா ஒன்று இருக்கிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. யாருக்காகவும் காத்திருக்காமல் தானே முதல் படத்தை எடுக்கலாமா, அந்தக் கேமரா போதுமா, தயாரிப்பாளர் எங்கே கிடைப்பார், திரைப்படக் கல்லூரியில் சேர வேண்டுமா, உதவி என்று யாரிடம் போய் நிற்பது என்று கேட்கிறார்.

எடுக்கலாம். ஆனால் கேள்விகளை வேறு வரிசையில் கேட்க வேண்டும். கேமராவும் தயாரிப்பாளரும் முதலில் வருவதே தப்பு. நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் எடிட்டர். முதல் படம் எடுத்தவர்கள் என்னிடம் வரும்போது படம் ஒரு ஹார்ட் டிஸ்க்காக வருகிறது. கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ஷூட்டிங் முடிஞ்சிருச்சு, இனி எடிட்டிங் மட்டும்தான்." அந்த 'மட்டும்தான்' இருக்கிறதே, அதில்தான் பல படங்கள் நின்றுபோகின்றன. பாதி வேலை முடிந்திருக்கும், முழுப் பணமும் முடிந்திருக்கும்.

ஷூட்டிங்குக்குப் பிறகு என்னென்ன பாக்கி என்று பாருங்கள். எடிட்டிங், விட்டுப்போன ஷாட்டுகளுக்கான பேட்ச் வொர்க், டப்பிங், சத்தங்களைச் சேர்ப்பது, இசை, எல்லாவற்றையும் கலந்து மிக்ஸ் செய்வது, கலர் கிரேடிங், சப்டைட்டில், தியேட்டரில் ஓட டிசிபி எனும் டிஜிட்டல் பிரதி போடுவது, போஸ்டர், திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் கட்டணம். இதில் ஒன்றைக்கூட 'யாராவது நண்பன் செய்துகொடுப்பான்' என்று எழுதி வைக்காதீர்கள். என் கணக்கு எளிமையானது. கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்பே நீங்களே எளிதில் தொட முடியாத வேறொரு கணக்கில் போட்டுவிடுங்கள். மிச்சத்தில்தான் படம் எடுக்க வேண்டும். அது போதவில்லை என்றால் கதையைச் சுருக்குங்கள், அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள்.

குறைந்த பணத்தில் எடுத்த படங்களின் கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதில் அடிக்கடி சொல்லப்படுவது ராபர்ட் ரோட்ரிகஸ் 1992இல் கொண்டுவந்த 'எல் மரியாச்சி'. சுமார் 7,000 டாலரில் எடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் தியேட்டரில் ஜனங்கள் பார்த்த பிரதி அந்த 7,000 டாலரில் வந்ததல்ல. படத்தை வாங்கிய ஸ்டுடியோ பிரிண்ட் போடவும் ஒலியை மறுபடி மிக்ஸ் செய்யவும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அதற்கு முன்னால் அவர் தம்பி தங்கைகளை நடிக்க வைத்து வருடக்கணக்காகக் குறும்படங்கள் எடுத்துத் தள்ளியிருந்தார். 7,000 டாலர் என்பது அந்தக் கை பழகியதற்குப் பிறகு ஆன செலவு.

சரி, உங்கள் 112 பக்கத்துக்கு வருவோம். முறைப்படி எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். புதிதாகச் சேர்ந்த சின்னக் குழு ஒரு நாளைக்கு மூன்று பக்கம் எடுத்தால் அதுவே நல்ல வேகம். 112 பக்கத்துக்கு 38 நாள் ஆகிறது. வேலைக்குப் போய்க்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் எடுத்தால் 19 வாரம். இது ஒருவருக்கும் காய்ச்சல் வராமல், ஒரு நாளும் மழை பெய்யாமல், யாரும் வேலை மாறிப் போகாமல் இருந்தால் வரும் கணக்கு. அப்படி ஒரு 19 வாரம் எவருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

வாரக் கடைசியில் மட்டும் எடுத்து ஜெயித்தவர்கள் உண்டா என்றால், உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) அப்படித்தான் எடுக்கப்பட்டது. எல்லோரும் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் விடுமுறை நாட்களில் மட்டும் படப்பிடிப்பு. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது என்பதால் நாடகம் போடுவது போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது, படத்தின் நீளமே சுமார் 70 நிமிடம்தான். கறுப்பு வெள்ளை, சில பாத்திரங்கள், தெரிந்தவர்களின் வீடுகள். இருக்கிற வசதிக்கு ஏற்ற கதையை எழுதிவிட்டுத்தான் கேமராவை எடுத்திருக்கிறார்.

இழுத்துக்கொண்டே போகும் படப்பிடிப்புக்கு வேறு மாதிரியான விலை உண்டு. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை 1952இல் தொடங்கினார், படம் 1955இல்தான் வெளியானது. நாணல் பூத்த வயலில் முன்னால் ஓடும் அக்காவும் பின்னால் தம்பியும் ரயில் பார்க்கப் போகும் காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை எடுக்க ஒரு வாரம் கழித்துப் போனால் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த வருடம் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ராய்க்கே அப்படி. நமக்கு மாடு வராது. கதாநாயகன் முடி வெட்டிக்கொள்வான், எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள்.

அதனால் 112 பக்கத்தை அலமாரியில் வையுங்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதிலிருந்து, அல்லது அதன் உலகத்திலிருந்து, ஏழெட்டு நிமிடத்தில் முடியும் ஒரு கதையை எடுங்கள். இரண்டு பேர், ஒரு இடம், ஒரு பகல். பயிற்சிக்காக என்று நினைத்து எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் அது பயிற்சியாகவே நின்றுவிடும். டப்பிங், மிக்ஸ், கலர், சப்டைட்டில் என்று கடைசிப் படிவரை கொண்டுபோய் ஒரு அறையில் முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டும்வரை முடியுங்கள். ஒரு படத்தை முழுதாக முடித்தவருக்கும் மூன்று படத்தைப் பாதியில் விட்டவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், உதவி கேட்கப் போகும்போது பளிச்சென்று தெரியும்.

அப்புறம் பெரிய படத்துக்குப் போகும்போது 70, 75 பக்கத்துக்குள் எழுதப் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே சாவி இருக்கிற கதவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: யார் வீடு, எந்த மொட்டை மாடி, எந்தக் கடை விடுமுறையில் கிடைக்கும், யாருடைய வண்டி. கதை அந்தக் கதவுகளுக்குள் நடக்கட்டும். இரவு வெளிப்புறம், குழந்தை, விலங்கு, கூட்டம், ஓடும் வண்டிக்குள் பேச்சு, இந்த ஐந்தும் பக்கத்தில் ஒரு வரிதான் எடுத்துக்கொள்ளும், படப்பிடிப்பில் ஒரு நாளைத் தின்னும். ஒன்று இருக்கலாம். ஐந்தும் இருந்தால் அது உங்கள் முதல் படம் அல்ல.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நண்பரிடம் இருக்கும் கேமரா போதும். செல்போனும் போதும், 2015இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குப் போன 'டேஞ்சரின்' படம் ஐஃபோன் 5எஸ்ஸில் எடுத்ததுதான். ஆனால் முதல் நாள் முதல் ஷாட்டுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை எடிட்டரிடம் கேட்டு முடிவு செய்து, எல்லாக் கேமராவிலும் அதையே பூட்டிவிடுங்கள். 24 என்றால் கடைசிவரை 24. ஒரு கேமராவில் 25, இன்னொன்றில் 30 என்று கலந்து வந்த ஃபுட்டேஜோடு நான் பட்ட பாடு தனிக் கதை. செல்போனில் இன்னும் ஒரு வம்பு உண்டு. சில போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேம் எண்ணிக்கையைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். தனியாகப் பதிவு செய்த ஒலியோடு சேர்த்தால் முதல் வசனம் உதட்டோடு பொருந்தும், மூன்றாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃப்ரேம் ரேட் மூன்றையும் பூட்ட முடிகிற ஒரு ஆப்பில் எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஒலிக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் அதை ஒரு ரசனை என்று எடுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். முதல் படங்களைத் தேர்வுக் குழுவினர் ஓரங்கட்டுவதற்கு ஒலிதான் முதல் காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனாலும் செலவுக் கணக்கில் லென்ஸ் வாடகைக்கு ஒரு வரி இருக்கும், ஒலிக்கு 'மைக்' என்று ஒரு சொல் மட்டும் இருக்கும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான்கு நிமிடம். நன்றாக எழுதிய காட்சி, நடிப்பும் சுத்தம். முதலில் இருவரும் தெரிகிற வைட் ஷாட், பிறகு அப்பாவின் குளோசப், சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் மகளின் குளோசப் என்று எடுத்திருந்தார்கள். எடிட்டில் போட்டுப் பார்த்தால் அப்பா பேசும்போது பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், மகளுக்கு வெட்டினால் திடீர் அமைதி. சமையலறையில் ஃப்ரிட்ஜ். அதன் கம்ப்ரஸர் அப்பாவின் டேக்குகளில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, மகளுக்கு நின்றிருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் இரைச்சல் வருகிறது, போகிறது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஏதோ விட்டு விட்டு நடக்கிறது என்று மட்டும் தோன்றும், காட்சியின் உணர்ச்சி கலைந்துவிடும். இரைச்சலைச் சாப்ட்வேரில் எடுத்துப் பார்த்தோம், அப்பாவின் குரல் டப்பாவுக்குள் பேசுவது போல ஆயிற்று. கடைசியில் மகளின் பக்கத்துக்கும் அதே இரைச்சலைப் பரப்பி, காட்சி முழுவதும் ஃப்ரிட்ஜ் ஓடுவதாக ஆக்கினேன். சமாளிப்புதான். அந்தக் காட்சிக்குத் தேவையாக இருந்தது அமைதி.

ஃப்ரிட்ஜை அணைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அணைத்தால் மறுபடி போட மறந்து வீட்டுக்காரரின் பொருள் கெட்டுப்போகும் என்ற பயமா? சவுண்ட் ஆட்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, எடுக்கத் திறக்கும்போது ஸ்விட்ச் ஞாபகம் வந்துவிடும்.

இடம் பார்க்கப் போகும்போது கண்ணை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்களோ அதே நேரத்தில் போய், நடுவில் நின்று, இரண்டு நிமிடம் கண்ணை மூடுங்கள். மேல் மாடி மின்விசிறி, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட மணி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அப்போதுதான் கேட்கும். ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் யாரையும் அசையவிடாமல் ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். எல்லோரும் களைத்துப்போய் மூட்டை கட்டும் நேரத்தில் இதைக் கேட்பது சங்கடம்தான். கேளுங்கள். எடிட்டில் வசனத்துக்கு நடுவே வரும் ஓட்டைகளை அடைக்க அதுதான் பசை. மைக் கேமராவின் தலையில் இருக்கக்கூடாது, பேசுபவரின் வாய்க்கு எவ்வளவு அருகில் ஃப்ரேம் அனுமதிக்கிறதோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். ஒலிப்பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். தனியாகப் பதிவு செய்த ஒலியைப் படத்தோடு பொருத்த, கிளாப் பலகை இல்லையென்றால் கையைத் தட்டுங்கள், ஆனால் ஃப்ரேமுக்குள் தெரியும்படி தட்டுங்கள்.

ஆக, யாரிடம் உதவி கேட்பது என்பதற்கு என் முதல் பதில்: ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரிடம். கேமராமேனுக்கு முன்பே அவரைப் பிடியுங்கள். இரண்டாவது, எடிட்டர். எடுத்து முடித்த பின் அல்ல, திரைக்கதை கையில் இருக்கும்போதே. ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்தால் நீங்கள் எடுக்கவே தேவையில்லாத மூன்று காட்சிகளைக் காட்டுவார், இல்லாவிட்டால் படமே நகராது என்கிற இரண்டு ஷாட்டுகளையும் சொல்வார். மூன்றாவது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு ஆள். அசிஸ்டென்ட் டைரக்டர் என்று சொன்னாலும் சரி, மேனேஜர் என்று சொன்னாலும் சரி. "மணி மூன்று, இன்னும் ஐந்து ஷாட் இருக்கு, எதை வெட்டலாம்?" என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்கும் தைரியம் வேண்டும். உங்கள் விசிறியாக இருப்பவர் இந்த வேலைக்கு ஆகாது.

கேட்கும் விதமும் முக்கியம். "படம் பண்றேன், ஹெல்ப் பண்ணுங்க" என்றால் எல்லோரும் 'கண்டிப்பா' என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். "இந்த மாதம் இரண்டாவது, மூன்றாவது சனிக்கிழமை, காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, பூம் மைக் பிடிக்க வேண்டும், போக்குவரத்துச் செலவு, சாப்பாடு என்னுடையது, சம்பளம் இவ்வளவுதான் முடியும்" என்று கேட்டால், முடியாது என்பவர் அப்போதே சொல்லிவிடுவார். அது பெரிய உதவி. சம்பளம் கொடுக்க முடியவில்லையென்றால் நேரத்தையாவது மதியுங்கள். நட்புக்காக வந்தவர்கள் பதினான்கு மணி நேரம் வெறும் டீயில் நின்றால், அடுத்த சனிக்கிழமை ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

நண்பர்களோடுதான் கட்டாயம் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. பக்கம் ஒன்று போதும்: யார் என்ன வேலை, என்ன சம்பளம் அல்லது எந்த வகைப் பங்கு, பெயர் எப்படிப் போடப்படும், படத்தின் உரிமை யாருக்கு. நடித்த ஒவ்வொருவரிடமும், வந்துபோகும் ஒரு ஷாட் என்றாலும், தன் உருவத்தையும் குரலையும் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குங்கள். இடத்தின் சொந்தக்காரரிடம் ஒரு தாள். கதை வேறொருவருடையது என்றால் அதற்கு முதல் தாள். நாளை யாராவது படத்தை வாங்க வந்தால் முதலில் கேட்பது விமர்சனத்தை அல்ல, இந்தத் தாள்களைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு படம், எல்லாம் முடிந்து, வாங்க ஆள் வந்த நேரத்தில், இரண்டு காட்சியில் வந்த ஒருவரின் கையெழுத்து இல்லாமல் எட்டு மாதம் கிடந்தது. அந்த எட்டு மாதத்தில் வாங்க வந்தவர் வேறு படத்தை வாங்கிக்கொண்டார்.

இசையில் இன்னும் கவனம். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள். மெட்டும் வரிகளும் ஒருவருடையது, அந்தப் பதிவு இன்னொருவருடையது. இசையமைத்தவர் காலமாகி நூறு வருடம் ஆகியிருக்கலாம், போன வருடம் வாசித்துப் பதிவு செய்தவரின் உரிமை உயிரோடுதான் இருக்கும். 'கிரியேட்டிவ் காமன்ஸ், இலவசம்' என்று எடுத்துப் போடுகிறவர்கள் உரிமத்தின் வகையைப் படிப்பதில்லை. அதில் மாற்றக்கூடாது என்று வரும் வகை படத்துக்கு உதவாது. ஓடும் காட்சியோடு இசையை இணைப்பதையே அந்த உரிமம் மாற்றம் என்றுதான் கணக்கில் எடுக்கிறது. வியாபாரத்துக்கு அல்ல என்று வரும் வகையையும், படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள். எடிட்டில் தற்காலிகமாக ஒரு பிரபலப் பாட்டைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். இரண்டு மாதம் கேட்டுப் பழகிவிட்டால், பிறகு உங்கள் இசையமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் பிடிக்காது.

ஃபுட்டேஜ் பாதுகாப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிபி. மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு வீட்டில். இரண்டு பிரதியைத் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்கக்கூடாது. அழிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு, அந்த ஆள் இயக்குநராக இருக்க வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு உங்களுக்கு நிதானம் இருக்காது.

ரஃப் கட், அதாவது முதல் எடிட், தயாரானதும் சினிமா சம்பந்தமில்லாத ஐந்தாறு பேரைக் கூப்பிடுங்கள். அம்மாவைக் கூப்பிட வேண்டாம். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர்கள், நன்றாக இருந்தது என்பார்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் ஒருவர் நாற்காலியில் அசைந்தார், எப்போது போன் வெளியே வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கதையை ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது நீங்கள் எடுத்த கதையாக இல்லையென்றால் எங்கே பிசகியது என்று அவருடைய வாக்கியத்திலேயே தெரியும். தீர்வைக் கேட்காதீர்கள், ஆளுக்கு ஒரு முடிவு சொல்வார்கள். வலி எங்கே என்பதை நோயாளி சொல்லட்டும், மருந்து உங்கள் பாடு. இதற்குப் பிறகு பேட்ச் வொர்க்குக்கு இரண்டு நாள் தேவைப்படும் என்று முன்பே கணக்கில் வைத்து, நடிகர்களின் கால்ஷீட்டிலும் சொல்லி வைத்துவிடுங்கள்.

தயாரிப்பாளர், நிதி, அமைப்புகளின் ஆதரவு எல்லாம் இந்த இடத்தில்தான் வருகிறது. புதியவர்களுக்கு உதவும் அமைப்புகள் உலகத்தில் இருக்கின்றன. சன்டான்ஸ் அமைப்பு 1981 முதல் திரைக்கதைக்கும் இயக்கத்துக்கும் பட்டறைகள் நடத்துகிறது. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988இலிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் படங்களுக்குத் திரைக்கதை நிலையிலும் பிந்தைய நிலைகளிலும் பணம் கொடுத்துவருகிறது. பெர்லின் விழாவின் உலக சினிமா நிதி 2004இல் வந்தது. அதே விழா 2003இலிருந்து இளம் கலைஞர்களைக் கூட்டி ஒரு வாரம் பயிற்சியும் பேச்சுமாக நடத்துகிறது. பூசான் விழாவுக்கும் ஆசியப் படங்களுக்கென்று நிதி உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பைக் கடைசி வரிவரை படியுங்கள். பலவற்றில் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, ஒரு தயாரிப்பு நிறுவனம் கூட நிற்க வேண்டும்.

இந்த இடங்களில் கதைச்சுருக்கத்தைவிட அதிகம் கவனிக்கப்படுவது இயக்குநர் குறிப்பு. 'சமூகத்துக்கு ஒரு செய்தி' என்று தொடங்கும் குறிப்புகளை அவர்கள் நாளுக்கு நூறு பார்ப்பார்கள். இந்தக் கதையை நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்தது இதில் என்ன, எப்படிப் பார்க்க வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் சாதாரணமாக எழுதுங்கள். கூடவே முன்பு எடுத்த படத்தின் லிங்க் கேட்பார்கள். அந்த ஏழு நிமிடப் படம் அப்போது வேலை செய்யும். பாதி முடிந்த படத்துக்கு என்றே கைகொடுக்கும் திட்டங்களும் உண்டு, அவற்றுக்கு ரஃப் கட் வேண்டும். கையில் ஒன்றும் இல்லாதபோது தேடிய தயாரிப்பாளர், ரஃப் கட் இருக்கும்போது தானே திரும்பிப் பார்ப்பதும் நடக்கும்.

உங்களிடமே பணம் கேட்கும் 'தயாரிப்பாளர்' தயாரிப்பாளர் அல்ல. 'விழாவில் தேர்வு நிச்சயம்' என்று கட்டணம் வாங்குகிறவரிடமும் போகாதீர்கள். மாதாமாதம் ஐம்பது பிரிவுகளில் விருது கொடுத்து, கோப்பைக்குத் தனியாகப் பணம் கேட்கும் விழாக்கள் ஏராளம். அப்படிப்பட்ட விழாக்கள் தரும் இலைச் சின்னங்களை போஸ்டரில் பத்துப் பன்னிரண்டு ஒட்டுவதால் விவரம் தெரிந்தவர்களிடம் மதிப்பு குறையத்தான் செய்யும். உண்மையாகப் படம் திரையிடப்படுகிறதா, போன வருடம் என்ன படங்கள் வந்தன என்று பார்த்துவிட்டு பத்து விழாவைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் கட்ட முடியவில்லையென்றால் விலக்கு கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் படத்தை இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். பெரிய விழாக்கள் பலவற்றின் போட்டிப் பிரிவுகள் எங்கும் வெளியாகாத படத்தையே கேட்கும். குறும்படம் என்றால் ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம்வரை போகலாம். ஆனால் ஒன்றரை மணி நேரத் தொகுப்பில் ஐந்தாறு படங்களை அடுக்க வேண்டிய தேர்வாளருக்கு 38 நிமிடம் என்பது இரண்டு மூன்று பேரின் இடம். 12 நிமிடத்தில் முடிவதை 12இல் முடித்துவிடுங்கள்.

கல்லூரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரமும் பணமும் இருந்தால் போகலாம், அங்கே கிடைக்கும் முக்கியமான சொத்து கூடப் படிப்பவர்கள். வேலையை விட முடியாது என்றால், வேறொருவரின் படப்பிடிப்பில் பத்து நாள் போய் எடுபிடி வேலை செய்யுங்கள். கேபிள் சுருட்டுவது, கண்டினியூட்டி நோட்டு எழுதுவது, எது கிடைத்தாலும். இரண்டாவது நாள் மத்தியானம் ஒரு செட் ஏன் தாமதமாகிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும். ஒலிப்பதிவாளரையும் அங்கேதான் சந்திப்பீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டைட்டில் போடும் முன் பெயர்ப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி, அவரவர் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று எழுதியே வாங்குங்கள். சம்பளம் வாங்காமல் பன்னிரண்டு சனிக்கிழமை பூம் பிடித்த பையனின் பெயரை ஒரு படத்தில் நான் தப்பாகப் போட்டேன். மிக்ஸ் முடிந்து டிசிபியும் போட்டாயிற்று, மறுபடி போடப் பணம் இல்லை. இன்றைக்கும் அந்தப் படம் எங்கே ஓடினாலும் அப்படியேதான் வருகிறது.